பச்சையாகத் தின்னும் கீரை

கோத்தகிரி
7.10.2012

அன்புள்ள எழில்,

மறுபடியும் போன் நம்பர் கேட்டிருக்கிறாய். இங்கே ஒரே ஒரு போன்தான், அது மடத்துத் தலைவியான மதரின் அறையில் இருக்கிறது. என்னைப்போல் துறவுப் பயிற்சியில் இருக்கும் நவகன்னியர்களுக்குக் கிறிஸ்துமஸ் அன்றும் ஈஸ்டர் அன்றும் மட்டும் தருவார்கள், அதுவும் வீட்டோடு பேச. மற்றபடி மாதம் ஒரு கடிதம். அதையும் சிஸ்டர் ஜெசிந்தா படித்துவிட்டுத்தான் ஒட்டுவார். வருகிற கடிதங்களையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். அதனால் போன தடவை எழுதியதுபோல் அவரைப் பற்றி எழுதிவைக்காதே. சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார், இருந்தாலும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

செப்டம்பரிலிருந்து என்னைத் தோட்டத்தில் போட்டிருக்கிறார்கள். கேரட்டும் பீட்ரூட்டும் மற்றவர்களுக்கு. எனக்கு லெட்டூஸ். நீ பார்த்திருக்க மாட்டாய், நானும் இங்கே வந்துதான் பார்த்தேன். முட்டைக்கோஸுக்குத் தங்கை மாதிரி இருக்கும், ஆனால் உருண்டுகொள்ளாமல் விரிந்தே கிடக்கும். சமைக்கக் கூடாது. கழுவி அப்படியே தின்ன வேண்டும். பக்கத்து ஹோட்டலுக்குத் தினமும் காலையில் இரண்டு கூடை போகிறது.

அப்பாவுக்குச் சர்க்கரை இருநூற்றெண்பது என்று எழுதியிருந்தாய். டாக்டர் சோற்றைக் குறைத்துப் பச்சை இலை சாப்பிடச் சொன்னாராம், அப்பா "நான் இன்னா ஆடா?" என்று கேட்டுவிட்டு வந்தாராம். படிக்கும்போது அவர் குரலே கேட்டது. அம்மா இறந்த பிறகு ஆறு வருடம் அவருக்குச் சமைத்துப் போட்டேன். கீரை என்றால் அவருக்குக் கடைந்திருக்க வேண்டும், மேலே நெய் இருக்க வேண்டும்.

இந்தக் கவருக்குள் ஒரு பொட்டலம் இருக்கிறது. லெட்டூஸ் விதை. எங்கள் வீட்டுப் பின்னால், நீங்கள் குடியிருக்கும் பக்கம், போன வருடத் தானே புயலில் பலா விழுந்த இடம் சும்மா கிடக்கிறது என்றாயே, அங்கே போடு. வளர்ந்ததும் அவருக்குக் கொடு. நான் அனுப்பியது என்று மட்டும் சொல்லாதே. சொன்னால் தொட மாட்டார்.

இன்னொன்று. வருகிற மே மாதம் எனக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவியாக வாக்குக் கொடுக்கும் நாள். இந்த இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்குப் பெற்றவர்கள் மகளைப் பீடம்வரை நடத்திக் கூட்டிவந்து, அவள் கையை எடுத்து மதரின் கையில் கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து யாரும் வரவில்லை என்றால், "முதலில் போய் அவர்களோடு சமாதானமாகு, அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று மதர் தள்ளிவைத்துவிடுவார். போன வருடம் ஒருத்தியை அப்படித் தள்ளிவைத்தார். வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவேயில்லை.

நான் இங்கே வந்து பதினாறு மாதம் ஆகிறது, அப்பா எனக்கு ஒரு வரி எழுதவில்லை. பஸ் ஸ்டாண்டில் கடைசியாகச் சொன்னது உன் காதிலும் விழுந்தது. "உங்கம்மா சொல்லாம போனா. நீ சொல்லிட்டுப் போற. அவ்ளோதான வித்தியாசம்." அவரை நீதான் கூட்டிக்கொண்டு வர வேண்டும், எழில். எனக்கு வேறு யாரைத் தெரியும்?

அன்புடன்,
ஈவா

(எவாஞ்சலின் என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார் சிஸ்டர். உனக்கு ஈவாதான்.)


நெய்வேலி, 18ஆம் வட்டம்
4.11.2012

அன்புள்ள ஈவா,

சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒன்றுகூட முளைக்கவில்லை.

கீரை மாதிரி என்று புரிந்துகொண்டு, கீரை விதைப்பதுபோலவே செய்தேன். மண்ணைக் கொத்திப் பொடியாக்கி எரு கலந்து, விதையில் மணல் சேர்த்துத் தூவி, மேலே ஒரு விரல் கனத்துக்கு மண் மூடினேன். எறும்பு இழுக்காமல் இருக்க என் அம்மா அடுப்புச் சாம்பலைப் போட்டாள். சிறுகீரையாக இருந்தால் நான்காம் நாள் பச்சை கட்டியிருக்கும். பத்தாம் நாள் அம்மா ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தாள்.

"இன்னாடி வெத இது? மலயிலேந்து பஸ்ல வந்ததுல பயந்துகினு உள்ளயே குந்தியிருக்குதா?"

என் அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "வூட்டுக்காரருக்குத் தெரியாம வெதச்சா அது எப்படி மொளைக்கும்?" என்று சொல்லிவிட்டுச் சைக்கிள் ஏறிவிட்டார்.

அம்மாவுக்கு என்னைவிடக் கோபம். கம்மாபுரம் பக்கம் அவள் நாற்று நடாத வயல் இல்லை. ஆனால் என்ன விதைக்கலாம் என்று அவளை யாரும் கேட்டதில்லை. இப்போது உங்கள் வீட்டுப் பின்னால் இந்த நாலு முழ இடத்தில் அவளிடம் நான் கேட்டேன். அதுவும் இப்படி ஆகிவிட்டது.

உன் அப்பாவைப் பற்றி: மாமா நன்றாக இருக்கிறார் என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் நான் பார்ப்பதை எழுதுகிறேன். முதல் ஷிப்டு முடிந்து வந்தால் யூனிபார்ம் மாற்றாமல் வெகுநேரம் முன்வாசலில் நிற்கிறார். வாரம் ஒருமுறை உன் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறார். "யாரும் ஓட்டாத வண்டிக்கு எதுக்குண்ணே காத்து?" என்று அம்மா கேட்டதற்கு, "டயரு பாழாயிடும்ல" என்றார்.

என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மெயின் பஜார் ஜெராக்ஸ் கடையில்தான் இருக்கிறேன். வருகிறவர்களிடம் எத்தனை காப்பி என்று கேட்பதற்குள் தொண்டை அடைத்துவிடுகிறது. பி.ஏ. முடித்த பெண் இப்படியா என்று முதலாளி நினைப்பது தெரிகிறது. கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் பஸ்ஸில் எனக்கும் சேர்த்து நீதான் டிக்கெட் கேட்பாய். 'விருத்தாசலம்' என்ற ஊர்ப்பெயரை நான் ஒரு கண்டக்டரிடம்கூடச் சொன்னதில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

பாதி விதை மிச்சம் இருக்கிறது. என்ன செய்ய?

மே மாதம் பற்றி எழுதியிருந்தாய். பார்க்கிறேன்.

எழில்மதி


கோத்தகிரி
11.11.2012

அன்புள்ள எழில்,

உன் கடிதத்தைக் கொடுக்கும்போது சிஸ்டர் ஜெசிந்தா, "உன் சிநேகிதி விதைத்தாளா, அடக்கம் பண்ணினாளா? மண்ணைப் போட்டு மூடி மேலே சாம்பலும் தூவியிருக்கிறாளே" என்றார். சாப்பாட்டு அறை முழுக்கச் சிரிப்பு. கோபித்துக்கொள்ளாதே.

தப்பு என்னுடையது. சொல்லாமல் விட்டுவிட்டேன். இந்த விதைக்கு வெளிச்சம் வேண்டும், மூடவே கூடாது. ஈர மண்ணின் மேல் தூவி உள்ளங்கையால் லேசாக அழுத்திவிடு, போதும். அதோடு மண் சூடாக இருந்தால் முளைக்காது. நம் ஊர் மண் நவம்பரிலும் சுடும். அதனால் விதையை ஈரத்துணியில் முடிந்து தண்ணீர் நிறைத்த மண்பானையின் மேல் இரண்டு நாள் ஒட்டிவை. வெள்ளையாக மூக்கு நீட்டியதும் சாயங்காலம் பார்த்து விதை. மதிய வெயில் படாமல் மேலே ஏதாவது கட்டு. இலை பறிக்கும்போது ஓரத்து இலையை மட்டும் கிள்ளு. நடுவே புதிதாக வந்துகொண்டே இருக்கும்.

சைக்கிள் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை மடித்து வைத்துவிட்டேன்.

'பார்க்கிறேன்' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறாய். பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடு என்றபோதும் இதையேதான் சொன்னாய். கடைசி நாள்வரை கொடுக்கவில்லை. இது அப்படி இல்லை, எழில்.

ஈவா


நெய்வேலி
16.12.2012

அன்புள்ள ஈவா,

முளைத்துவிட்டது!

பானையில் ஒட்டிவைத்த மூன்றாம் நாள் துணியைப் பிரித்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "மூக்கு நீட்டிகினுதாண்டி இருக்குது" என்று மெதுவாகச் சொன்னாள், விதை விழித்துக்கொள்ளும் என்பதுபோல.

நாற்று இரண்டு இலை விட்டபோது மாமா பின்பக்கம் வந்தார். உனக்குத் தெரியும், பலா விழுந்த பிறகு அவர் அந்தப் பக்கமே வருவதில்லை. வந்து நின்று பார்த்தார்.

"இன்னா நட்டுகினு இருக்க?"

"லெட்டூஸ், மாமா."

"யாருக்கு?"

"உங்களுக்கு" என்றேன்.

திரும்பி உள்ளே போனார். கோபமாகப் போகிறார் என்று நினைத்தேன். நான்கு சவுக்குக் கழியோடும் உன் அம்மாவின் மஞ்சள் வாயில் புடவையோடும் வந்தார். "பலா இருந்தப்ப இங்க நெழலு இருந்துச்சி. இப்ப நேரா அடிக்குது" என்று சொல்லிக் கழிகளை நட்டுப் புடவையை மேலே இழுத்துக் கட்டினார். மதியத்தில் அதன் அடியில் மண்ணெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது.

அன்றிலிருந்து அது அவருடைய பாத்தி. காலையில் இலைமேல் அனல்மின் நிலையத்துச் சாம்பல் மெல்லிசாகப் படிந்திருக்கும். மக்கில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு இலையாக, கைக்குழந்தைக்கு முகம் கழுவுவதுபோல் கழுவுகிறார். நெருக்கமாக இருந்ததைக் களைந்தபோது ஒரு தட்டுக்குக் குட்டி இலை கிடைத்தது.

"கடஞ்சி குடுக்கட்டுமாண்ணே?" என்றாள் அம்மா.

"அதெல்லாம் கூடாதாம். பச்சையா துன்னணும்னு உம் பொண்ணு சொல்லுது."

உப்பும் எலுமிச்சம்பழமும் பிழிந்து கொடுத்தேன். ஒரு இலையை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். நாங்கள் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். "ஒண்ணும் தெரியல. தண்ணிய மென்னு துன்ன மாதிரி இருக்குது" என்றார். பிறகு மிளகாய்த்தூள் கேட்டார். தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தார். அன்று சோறு ஒரு கரண்டிதான்.

போகும்போது, "வெத எங்க வாங்கன?" என்றார்.

"கடலூர்ல, மாமா."

பொய் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைப்பதில்லை என்று அப்போது தெரிந்தது.

எழில்


கோத்தகிரி
6.1.2013

அன்புள்ள எழில்,

அந்தக் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். மஞ்சள் புடவை அம்மா மாதா கோயில் தேருக்குக் கட்டியது.

டிசம்பரில் உனக்கு எழுதவில்லை. அந்த மாதக் கடிதத்தை அப்பாவுக்கு எழுதினேன். வாங்க மறுத்ததாகத் தபால்காரர் எழுதித் திரும்பி வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் அன்று போன் செய்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டார். இரண்டாம் தடவை எடுக்கவில்லை.

அதனால் அதே கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஒட்டியிருக்கிறது. மே 25, சனிக்கிழமை என்று தேதி போட்டு, வந்து நில்லுங்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். தபால்காரரிடம் வேண்டாம் என்று சொல்லலாம். இலை கழுவிக்கொண்டிருக்கும்போது நீ நேரில் நீட்டினால் அவரால் முடியாது. அவர் கையில் கொடு. வேறொன்றும் செய்ய வேண்டாம்.

ஈவா


நெய்வேலி
3.2.2013

அன்புள்ள ஈவா,

பொங்கல் நன்றாக நடந்தது. லெட்டூஸ் இப்போது உள்ளங்கை அகலம். மாமாவுக்குச் சர்க்கரை நூற்றுத் தொண்ணூறு. டாக்டர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாராம். "லெட்டீஸு" என்றாராம். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாராம். இதை நான்கு தடவை சொல்லிவிட்டார்.

போன வாரம் ஒரு கூத்து. மைன்ஸில் கூட வேலைபார்க்கும் பரமசிவம் என்பவர் கேட்டார் என்று, காலையில் எங்களுக்குத் தெரியாமல் ஐந்து செடியை வேரோடு பிடுங்கிக் கட்டாகக் கட்டிச் சைக்கிளில் வைத்துவிட்டார். அம்மா வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"வேரோட புடுங்கிட்டிங்களேண்ணே! ஓரத்து எலய கிள்ளுனா நடுவுல வந்துகினே இருக்குமே!"

"கீரன்னா வேரோடதானம்மா புடுங்குவாங்க?"

"அது நம்ம கீர. இது அது இல்ல."

மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அம்மா ஐந்தில் மூன்றைத் திரும்ப வாங்கி மறுபடி நட்டாள். ஒன்று பிழைத்தது. இரண்டு பரமசிவத்திடம் போயின. அவர் வீட்டில் அதைச் சாம்பாரில் போட்டுவிட்டார்களாம்.

வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. அப்பாவுக்குக் கான்ட்ராக்ட் இன்னும் ஆறு மாதம் நீட்டித்திருக்கிறார்கள். வேறு விசேஷம் இல்லை.

எழில்


கோத்தகிரி
3.3.2013

எழில்,

ஒரு பக்கம் முழுக்க லெட்டூஸ் எழுதியிருக்கிறாய். அப்பாவுக்கு வைத்த கடிதம் பற்றி ஒரு எழுத்து இல்லை. கிழித்துப் போட்டாரா? படிக்காமல் திருப்பிக் கொடுத்தாரா? எனக்கு வலிக்கும் என்று மறைக்கிறாயா?

மதர் நேற்றுக் கூப்பிட்டுக் கேட்டார். ஈஸ்டருக்குள் சொல்ல வேண்டும். இல்லையென்றால் என் பெயரை இந்த வருடப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார். தப்பென்று சொல்ல மாட்டேன். அப்பாவை உதறிவிட்டு வந்தவள் யாரிடம் போய் அன்பைப் பற்றிப் பேச முடியும் என்று கேட்டார்.

வர மாட்டார் என்றால் வர மாட்டார் என்று எழுது. அதைத் தாங்கிக்கொள்வேன். நீ எழுதாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

ஈவா


நெய்வேலி
18.3.2013

அன்புள்ள ஈவா,

மாமா கிழிக்கவில்லை. திருப்பிக் கொடுக்கவும் இல்லை. நான் கொடுக்கவே இல்லை.

ஜனவரியிலிருந்து அது என் சர்டிபிகேட் வைத்திருக்கும் பையில், டிகிரிக்கு அடியில் இருந்தது. தினமும் காலையில் மாமா இலை கழுவும்போது மக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறேன். தினமும் கொடுக்கலாம் என்று நினைத்து, தினமும் கொடுக்காமல் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மறந்துவிட்டேன் என்று எழுதலாம். நீ நம்பிவிடுவாய். அதனால் எழுதவில்லை.

நீ முதல் கடிதத்தில் எழுதினாயே, தள்ளிவைக்கப்பட்ட ஒருத்தி வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை என்று. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. மாமா வராவிட்டால் உன்னைத் தள்ளிவைப்பார்கள். நீ வருவாய். பின்பக்கம் வந்து நின்று, என்னடி இப்படிச் சாம்பலைக் கொட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கத்துவாய். அவ்வளவுதான் நான் நினைத்தது. உன் வார்த்தைப்பாட்டைப் பற்றியோ, உனக்கு அது எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பதைப் பற்றியோ நினைக்கவில்லை. நினைத்திருந்தால் கொடுத்திருப்பேன்.

இதைச் சிஸ்டர் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மாமா பூசை முடிந்து வந்து பாத்திக்குப் போனார். செடியெல்லாம் நடுவில் தண்டு விட்டு இடுப்புயரம் நிற்கிறது. உச்சியில் குட்டி குட்டியாக மஞ்சள் பூ. கிள்ளினால் பால் வடிகிறது, வாயில் வைத்தால் வேப்பிலை. "எவ்ளோ தண்ணி ஊத்துனாலும் கசக்குது. நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்று செடியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது கடிதத்தை நீட்டினேன். விதையும் நீ அனுப்பியதுதான் என்று சொல்லிவிட்டேன்.

கையெழுத்தைப் பார்த்தார். நின்றபடியே பிரித்துப் படித்தார். மேலே நீ எழுதிய தேதியையும் பார்த்தார்.

"எப்ப வந்துது இது?"

"ஜனவரில."

"ரெண்டு மாசமா வச்சிகினு, டெய்லி எங்கூட நின்னுகினு இருந்தியா?"

"ஆமா, மாமா."

"நான் போவ மாட்டேன், இத கிழிச்சிப் போடுவேன்னு பயந்தியா?"

பேசாமல் நின்றிருக்கலாம், ஈவா. அதுதான் எனக்குப் பழக்கம். ஆனால் சொன்னேன். "இல்ல மாமா. போயிடுவீங்களோன்னுதான் பயந்தேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அப்படியே பாத்தி ஓரம் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கோயிலுக்குக் கட்டிய வெள்ளை வேட்டி. "தபால்காரன்கிட்ட நான் ஏன் வாணாம்னேன்? எனக்குந்தான் தெரியும். படிச்சா போயிடுவேன்" என்றார்.

பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ சொல்லவில்லை. இன்று ஷிப்டுக்குப் போகும்போது என்னைப் பார்க்கவில்லை. என்னோடு இனிப் பேசுவாரா என்று தெரியாது. நீயும் பேசுவாயா என்று தெரியாது.

ஈஸ்டருக்குள் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று இன்றே தலைமைத் தபால் நிலையத்துக்குப் போய்ப் போடுகிறேன்.

எழில்


கோத்தகிரி
7.4.2013

எழில்,

உன் கடிதத்தைச் சிஸ்டர் ஜெசிந்தா மடித்தே கொடுத்தார். சிரிக்கவில்லை. தோட்டத்தில் போய்த் தனியாகப் படி என்றார்.

மூன்று நாள் உன்மேல் கோபம். பொய் சொல்ல மாட்டேன், நல்ல கோபம். களை எடுக்கிறேன் என்று செடிகளையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டேன்.

ஈஸ்டர் அன்று மதரின் அறையில் போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். நான் "அப்பா" என்றேன். அவர், "தண்டு வுட்டு பூத்துடிச்சி. ஒரே கசப்பு. இன்னா பண்றது?" என்றார். வெயில் ஏறினால் அப்படித்தான் ஆகும் அப்பா, உங்கள் தப்பு இல்லை, பிடுங்கிப் போட்டுவிட்டு மழை முடிந்ததும் புதிதாகப் போடுங்கள் என்றேன். "ம்" என்றார். மதர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அப்புறம் கேட்டார், "அங்க மே மாசங்கூட குளுருமா? ஸ்வெட்டர் எடுத்துகினு வரணுமா?"

மதர் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கி, "கண்டிப்பா எடுத்துக்கிட்டு வாங்க" என்றார். அப்பா போனில் கத்தித்தான் பேசுவார், அவருக்கும் கேட்டிருக்கிறது.

இனி உன் விஷயம். கோபம் போன பிறகு ஒன்று தோன்றியது. இங்கே வருவதற்கு முன் அப்பாவிடம் கேட்டேன், அழுதேன், சண்டை போட்டேன். பங்குச் சாமியாரிடம் கேட்டேன். உன்னிடம் மட்டும் கேட்கவில்லை. கிளம்புகிறேன் என்று சொன்னேன், நீ தலையாட்டினாய், பெட்டி கட்ட உதவி செய்தாய். நீ ஒன்றும் சொல்ல மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. மூன்று வருடம் உனக்காக நான் பேசியது எல்லோருக்கும் தெரியும். நீ பேசாமல் இருப்பதில் நான் எவ்வளவு சாய்ந்துகொண்டிருந்தேன் என்று யாருக்கும் தெரியாது.

நான் திரும்பி வர மாட்டேன், எழில். இந்த இடம் எனக்கு வேண்டும். காலை ஜெபத்தில் பெயர்கள் சொல்லும்போது உன் பெயரில் நின்றுவிடுகிறேன், பக்கத்தில் இருப்பவள் இடிக்கும்வரை. இரண்டும் உண்மை.

அப்பாவோடு நீ வருவாயா? மனமில்லை என்றால் வராதே, எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் 'பார்க்கிறேன்' என்று எழுதாதே.

ஈவா


நெய்வேலி
21.4.2013

ஈவா,

வருகிறேன்.

எழில்


நெய்வேலி
9.6.2013

அன்புள்ள சிஸ்டர் எவாஞ்சலின்,

இப்படி எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை. உள்ளே ஈவா என்றுதான் எழுதுவேன். கவரின்மேல் மட்டும் சிஸ்டர்.

நாங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தோம். மலைப்பாதையில் மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் வாந்தி. வழியெல்லாம் உங்கள் மடத்துச் சாப்பாட்டைப் பற்றியே பேசினார். லெட்டூஸ் கிண்ணம் வந்ததும் பக்கத்தில் இருந்த குன்னூர்க்காரர்களுக்கு அவர் பாடம் நடத்தியதை நீ பார்க்கவில்லை. லெட்டூஸ் விளையும் ஊரிலிருந்து வந்தவர்களிடம், "இது வெய்யிலு தாங்காதுங்க. மேல பொடவ கட்டணும். ஓரத்து எலய மட்டும் கிள்ளணும், வேரோட புடுங்கப்படாது" என்று சொன்னார். அவர்களும் பாவம், தலையாட்டிக்கொண்டு கேட்டார்கள். அம்மா மிளகாய்த்தூளை மடித்துக் கொடுத்தனுப்பியிருந்தாள். அதையும் எடுத்து மேசையில் வைத்தார்.

ஜூலையில் உன்னை ராஞ்சிப் பக்கம் அனுப்புகிறார்கள் என்று மதர் மாமாவிடம் சொன்னார். கடிதம் மூன்று மாதத்துக்கு ஒன்று. மாமா வரைபடத்தில் ராஞ்சியைத் தேடிக் கண்டுபிடித்துப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறார். "அங்கயும் நெலக்கரிதான் தோண்டுறாங்க" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார், நீ பக்கத்து வட்டத்துக்குக் குடிபோனதுபோல.

இதற்காக எழுத உட்காரவில்லை. அன்று உன்னோடு பேசக் கிடைத்தது இருபது நிமிடம். சுற்றிலும் ஆட்கள். நான் என்ன பேசினேன்? ஊரில் வெயில் என்றேன். நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாய். நான் மறுபடியும் வெயில் என்றேன்.

சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

நான் கடைசி வரிசையில் உட்காருவதாகத்தான் இருந்தேன். கோயில் வாசலில் மற்ற மூன்று பெண்களும் ஒரு பக்கம் அப்பாவும் ஒரு பக்கம் அம்மாவுமாக நின்றார்கள். உன் வலப்பக்கம் மாமா, அந்தப் பழுப்பு ஸ்வெட்டரில் வியர்த்து வழிந்துகொண்டு. இடப்பக்கம் யாரும் இல்லை. நீ நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாய். மாமா திரும்பி, வரிசை வரிசையாகத் தேடி என்னைக் கண்டுபிடித்தார். எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்தப் பக்கம் காலியா இருக்குது. எழிலு, வா" என்றார்.

இருநூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "நாங்க வேதத்துல சேந்த கிறிஸ்துவங்க இல்லயே மாமா" என்று பக்கத்தில் போய்க் கிசுகிசுத்தேன். வாசலில் புத்தகத்தோடு நின்றிருந்தவர்தான் சிஸ்டர் ஜெசிந்தா என்று எனக்கு அப்போது தெரியாது. நான் எழுதிய எல்லாவற்றையும் படித்தவர். உயரமாக, கண்டிப்பானவராக இருப்பார் என்று நினைத்திருந்தேன். என் தோளுக்குத்தான் இருந்தார். வழியை விட்டு ஒதுங்கி நின்று, "நடம்மா" என்றார்.

அதனால் நடந்தேன். உன் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். புது வெள்ளைத் துணியின் கஞ்சி என் விரலில் மொடமொடத்தது. பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றையும் கேட்கவில்லை. எத்தனை அடி இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன். குறைந்துகொண்டே வந்தது.

பீடத்தின் முன் மாமா உன் கையை எடுத்து மதரின் கையில் வைத்தார். வைத்த பிறகும் கொஞ்சம் அழுத்திப் பிடித்திருந்தார். பிறகு எடுத்துவிட்டு ஒரு அடி பின்னால் போனார். மற்றப் பெற்றோரும் போனார்கள். என் கை மட்டும் உன் முழங்கையில் இருந்தது. மதர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மாமாவும் கூப்பிடவில்லை. எடு என்று யாராவது சொல்வார்கள் என்று நின்றேன். யாரும் சொல்லவில்லை.

நானேதான் எடுத்தேன், ஈவா. ஒவ்வொரு விரலாக. அதை நீ கவனித்தாயா என்று மட்டும் எழுது. மூன்று மாதம் கழித்து வந்தாலும் போதும்.

எழில்மதி